ஒரே பெட்ரோல், ஊருக்கு ஒரு விலை

கேள்வி இதுதான்: சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் 80 காசுக்கு விற்கும்போது புதுச்சேரியில் 96 ரூபாய் சொச்சம், பெங்களூரில் கிட்டத்தட்ட 103, ஐதராபாத்தில் 107, அந்தமானின் போர்ட் பிளேரில் 82 என்று ஏன் இப்படி மாறுகிறது? விற்பவை பெரும்பாலும் அதே மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள்தானே? கச்சா எண்ணெய் ஏறினால் உடனே ஏறும் விலை, அது இறங்கும்போது மட்டும் ஏன் இறங்க மறுக்கிறது?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், அடுத்த முறை விலை மாறும்போது யார் மாற்றினார்கள் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இங்கே நான் எடுத்துக்கொள்வது 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி விலைகள். நீங்கள் படிக்கும் நாளில் எண்கள் மாறியிருக்கக்கூடும். போடும் முறை அதேதான்.

முதலில் டெல்லி. எண்ணெய் நிறுவனங்கள் விலையைப் பிரித்து வெளியிடுவது டெல்லிக்குத்தான் என்பதால் அங்கிருந்து தொடங்குவது எளிது. அங்கே ஒரு லிட்டர் 94 ரூபாய் 77 காசு. நிறுவனம் பங்க் டீலருக்கு விற்கும் விலை, டெல்லி வரை கொண்டுவரும் சில காசு செலவும் சேர்த்து, ஏறத்தாழ 53 ரூபாய். அதன்மேல் மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. டீலர் கமிஷன் ஏறத்தாழ 4 ரூபாய் 40 காசு. இந்த மூன்றையும் கூட்டினால் 79 ரூபாய் 37 காசு வருகிறது. இந்தக் கூட்டுத்தொகையின் மேல் டெல்லி அரசு 19.40 சதவீதம் வாட் என்ற மாநில விற்பனை வரியைப் போடுகிறது. அது 15 ரூபாய் 40 காசு. ஆக 94.77.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாநில வரி எண்ணெயின் விலைமேல் மட்டும் விழவில்லை. மத்திய அரசின் கலால் வரிமேலும் டீலரின் கமிஷன்மேலும் சேர்ந்தே விழுகிறது. வரிக்கு வரி என்று மக்கள் சொல்வது மிகையல்ல, கணக்கே அப்படித்தான்.

இப்போது அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு, மற்ற ஊர் விலைகளிலிருந்து மாநில வரியை உரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. சென்னை விலை 100.80-இல் முதலில் 11.52-ஐக் கழியுங்கள்: 89.28. அதை 1.13-ஆல் வகுங்கள்: 79 ரூபாய் 1 காசு. கர்நாடகத்தில் வரி 29.84 சதவீதம், பெங்களூர் விலை 102.92-ஐ 1.2984-ஆல் வகுத்தால் 79 ரூபாய் 27 காசு. தெலங்கானாவில் 35.20 சதவீதம், ஐதராபாத்தின் 107.46-ஐ 1.352-ஆல் வகுத்தால் 79 ரூபாய் 48 காசு. மும்பையில் 25 சதவீதமும் லிட்டருக்கு 5 ரூபாய் 12 காசும், 103.50-இலிருந்து உரித்தால் 78 ரூபாய் 70 காசு.

மாநில வரிக்கு முந்தைய இந்த விலைகளை வரிசையாகப் பாருங்கள்: 79.37, 79.01, 79.27, 79.48, 78.70. ஐந்து பெருநகரங்களுக்கும் இடையே ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. மும்பையில் கொஞ்சம் குறைவாக இருப்பதற்குக் காரணம், நகருக்குள்ளேயே இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பது. சென்னைக்கு மணலி ஆலை. டெல்லிக்கும் ஐதராபாத்துக்கும் பங்க் விலையில் 12 ரூபாய் 69 காசு வித்தியாசம். அதில் 11 காசைத் தவிர மற்றதெல்லாம் மாநில வரி.

இதைவிடத் தெளிவான சாட்சி போர்ட் பிளேர். அங்கே வரி ஒரே ஒரு சதவீதம். 82.46-ஐ 1.01-ஆல் வகுத்தால் 81 ரூபாய் 64 காசு. அதாவது வரிக்கு முந்தைய விலை சென்னையைவிட இரண்டரை ரூபாய்க்கு மேல் அதிகம். கடல் கடந்து கப்பலில் போகிற எண்ணெய், அதனால் அதிகம். இருந்தும் பங்க்கில் நாட்டிலேயே மிகக் குறைந்த விலை அங்கேதான். தூரம் விலையை ஏற்றியது, குறைந்த வரி அதை இறக்கிவிட்டது.

பெருநகரங்களுக்கு இடையே வித்தியாசத்தை உண்டாக்குவது எது என்பது இதோடு முடிந்துவிட்டது. தூரத்தின் பங்கு மாநிலத்துக்குள் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் வரியின் வடிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரி எவ்வளவு என்பதோடு, அது சதவீதமா, லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையா என்பதைப் பொறுத்துத்தான் விலை ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் அமைகின்றன.

மாநில வரிக்கு முந்தைய அடிப்படை விலை ஒரு ரூபாய் ஏறினால் சென்னையில் பங்க் விலை 1 ரூபாய் 13 காசு ஏறும். பெங்களூரில் 1 ரூபாய் 30 காசு, ஐதராபாத்தில் 1 ரூபாய் 35 காசு, போர்ட் பிளேரில் 1 ரூபாய் 1 காசு. மத்திய அரசு கலால் வரியை ஏற்றினாலும் இதே பெருக்கம்தான். சதவீத வரி போடும் மாநிலத்துக்கு ஒவ்வொரு விலையேற்றத்திலும் தானாகவே கூடுதல் வருமானம் வந்துவிடுகிறது. சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியதும் இல்லை, திட்டு வாங்க வேண்டியதும் இல்லை.

தமிழ்நாடு 2020 மே மாதம் வரை பெட்ரோலுக்கு 34 சதவீதம் என்று முழுக்கச் சதவீத வரிதான் வைத்திருந்தது. அந்த மாதம் அதை 15 சதவீதமும் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்று மாற்றியது. ஊரடங்கு காலம், கச்சா எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தது. சதவீதம் மட்டும் இருந்தால் விலையோடு சேர்ந்து வருமானமும் விழும், நிலையான தொகை இருந்தால் விழாது. மாற்றிய அன்று பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசு ஏறியது, அதனால் பலருக்கு அது வெறும் வரியேற்றமாகவே நினைவிருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம் பிறகு தெரிந்தது. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த திருத்த பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்து, இப்போதுள்ள 13 சதவீதமும் 11.52-உம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அன்று கணக்குச் சொன்னார்கள். பழைய 34 சதவீதமே நீடித்திருந்தால் இந்த 79 ரூபாய் 1 காசின்மேல் சென்னை விலை 105 ரூபாய் 87 காசாக இருந்திருக்கும்.

இந்த வடிவத்துக்கு ஒரு குறையும் உண்டு. அடிப்படை விலை 10 ரூபாய் இறங்கினால் தெலங்கானாவின் வரி 3 ரூபாய் 52 காசு தானாகக் குறையும். தமிழ்நாட்டின் வரி 1 ரூபாய் 30 காசுதான் குறையும். ஏறும்போது மெதுவாக ஏறும் வரி இறங்கும்போதும் மெதுவாகவே இறங்கும். எது நல்லது என்று என்னைக் கேட்டால், வண்டி ஓட்டுபவர்களுக்கு நிலையான தொகைதான் நல்லது என்பேன். விலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் குடும்பக் கணக்கு முறிகிறது, அந்த மாதங்களில் வரியும் சேர்ந்து ஏறாமல் இருப்பது பெரிய விஷயம்.

மாநிலங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஜிஎஸ்டி வந்தபின் மாநிலங்கள் தாங்களே விகிதம் நிர்ணயிக்கும் பெரிய விற்பனை வரிகள் பெட்ரோல், டீசல், மது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. அதோடு மத்திய அரசின் 21 ரூபாய் 90 காசை உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் கலால் வரி 13 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் வரி) 5 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. செஸ்ஸும் கூடுதல் வரியும் மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்பில் சேர்வதில்லை, அரசமைப்புச் சட்டமே அப்படி வைத்திருக்கிறது. பகிரப்படுவது அந்த 1 ரூபாய் 40 காசு மட்டும். 15-வது நிதி ஆணையத்தின் கணக்கில் அதில் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டின் பங்கு அதில் 4.079 சதவீதம். நாட்டில் எங்கோ ஒரு லிட்டர் பெட்ரோல் விற்றால், அதற்கு மத்திய அரசு வாங்கும் ஏறத்தாழ 22 ரூபாயிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வது இரண்டேகால் காசு சொச்சம். மாநிலங்கள் வாட்டைக் குறைக்க ஏன் இவ்வளவு யோசிக்கின்றன என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் எல்லா ஊரிலும் ஒரே விலை ஆகிவிடாதா என்று உடனே கேட்பார்கள். பெரும்பாலும் ஆகிவிடும். அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. எந்த நாளிலிருந்து என்று ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய 45-வது கூட்டத்தில் பேச்சு வந்தது, இது தருணமல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அரசுகளுக்கும் இவ்வளவு வருமானம் தரும் வேறொரு பொருள் கிடைக்கும்வரை அந்தத் தருணம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நிறுவனம் டீலருக்கு விற்கும் அந்த 53 ரூபாய்க்குள் போவோம். விலை ஏறுவதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பேரல் 159 லிட்டர். கச்சா எண்ணெய் பேரலுக்கு 70 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பேரல் 5,950 ரூபாய், லிட்டர் 37 ரூபாய் 42 காசு. மனதில் வைத்துக்கொள்ள இரண்டு எண்கள்: கச்சா ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு 53 காசு ஏறும். டாலருக்கு எதிராக ரூபாய் ஒரு ரூபாய் சரிந்தால் லிட்டருக்கு 44 காசு ஏறும். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டாலரில் வாங்குகிறோம். அதனால் உலகச் சந்தை அசையாமல் இருந்தாலும் ரூபாய் சரிந்தால் பெட்ரோல் ஏறத்தான் செய்யும். செய்தியில் கச்சா விலையை மட்டும் பார்த்துவிட்டுக் குழம்புபவர்கள் மறந்துவிடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

37-க்கும் 53-க்கும் இடையே உள்ள 15, 16 ரூபாய் என்ன? கச்சாவைக் கொண்டுவரும் கப்பல் செலவு, ஆலையின் செலவு, ஆலையின் லாபம், விற்கும் நிறுவனத்தின் லாபம். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: ஆலை கச்சாவை வாங்கிய விலையோடு கூலியைச் சேர்த்துப் பெட்ரோலுக்கு விலை வைக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆலை வாசலில் பெட்ரோலுக்கு விலை, உலகச் சந்தையில் தயார் பெட்ரோல் என்ன விலைக்கு விற்கிறதோ அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. வளைகுடாவிலிருந்து தயார் பெட்ரோலை இறக்குமதி செய்தால் கப்பல் கூலி, காப்பீடு, சுங்க வரி எல்லாம் சேர்த்து என்ன ஆகுமோ அதற்கு 80 பங்கு, ஏற்றுமதி செய்தால் என்ன கிடைக்குமோ அதற்கு 20 பங்கு என்ற கலவை 2006-இலிருந்து அடிப்படையாக இருக்கிறது.

இதனால்தான் சில மாதங்களில் கச்சா அசையாமல் பெட்ரோல் மட்டும் ஏறும். ஒரு பேரலைக் காய்ச்சினால் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, விமான எரிபொருள், நாப்தா, உலை எண்ணெய் என்று பலதும் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தை. உலகில் எங்காவது பெரிய ஆலைகள் நின்றாலோ, ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த 2022-ஐப் போல டீசல் வரத்து தடைப்பட்டாலோ, தயார் எண்ணெயின் விலை கச்சாவை விட்டு விலகி மேலே போகும். அந்த இடைவெளி முழுக்க ஆலைகளுக்கு லாபம், நமக்குச் செலவு.

அடுத்தது, இறங்கும்போது ஏன் இறங்குவதில்லை என்ற கேள்வி. இதற்கு நாட்களை வரிசையாகப் பார்ப்பதே நல்ல பதில்.

பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் உரிமை 2010 ஜூனில் நிறுவனங்களிடம் விடப்பட்டது, டீசலுக்கு 2014 அக்டோபரில். 2017 மே மாதம் புதுச்சேரி, விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டிகர் ஆகிய ஐந்து ஊர்களில் தினசரி விலை மாற்றத்தைச் சோதித்துப் பார்த்து, ஜூன் 16 முதல் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். இன்றும் விலை மாறினால் காலை 6 மணிக்குத்தான். ஏட்டில் இது சந்தை விலை.

2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி பேரலுக்கு 20 டாலருக்கு வந்தது. சந்தை விலை என்றால் பங்க்கில் பெரிய சரிவு வந்திருக்க வேண்டும். மத்திய அரசு மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் 10 ரூபாய் என்று பெட்ரோலின் கலால் வரியை 19.98-இலிருந்து 32.98-க்கு ஏற்றியது. மே மாத ஏற்றத்தில் பங்க் விலை அசையவில்லை. இறங்கியிருக்க வேண்டிய தொகை வரியாக மாறியது. பிறகு கச்சா மறுபடி ஏறத் தொடங்கியபோது அந்த வரி அப்படியே இருந்தது, அதன்மேல் விலை ஏறியது. 2021 பிப்ரவரியில் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் சாதாரண பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியதற்குக் காரணம் இதுதான். கலால் வரியை 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தார்கள், இடையில் நடந்த 8 காசு மாற்றத்தோடு அது 19.90-க்கு வந்தது. 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றம். அப்போதும் பங்க் விலை அசையவில்லை, கச்சா சரிந்திருந்ததால் நிறுவனங்களின் பங்கிலிருந்து அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

இன்னொரு காரணம் தேர்தல். 2021 நவம்பர் 4 முதல் 137 நாள் விலை அசையவே இல்லை. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் அந்தக் காலத்தில்தான் நடந்தது. முடிந்ததும் 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாளில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. அதன்பின் மறுபடி உறைந்தது. அந்தக் கோடையில் கச்சா 110 டாலரைத் தாண்டியும் நிறுவனங்கள் ஏற்றவில்லை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 21,201 கோடி ரூபாய் நிகர நஷ்டம் காட்டின. கச்சா இறங்கியபின் அதே விலையை வைத்துக்கொண்டே நஷ்டத்தை ஈடுகட்டின. 2023-24-இல் மூன்றின் லாபம் சேர்த்து ஏறத்தாழ 81,000 கோடி. மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன், 2024 மார்ச் 15-இல், 2 ரூபாய் குறைத்தார்கள்.

ஆக, அரசு நிறுவனங்கள் மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைக்கும் ஏரியைப் போல நடந்துகொள்கின்றன. உச்சத்தில் நம்மேல் முழுச் சுமையும் விழுவதில்லை, பள்ளத்தில் முழுப் பலனும் வருவதில்லை. இதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதற்கு எழுதி வைத்த விதி எதுவும் மக்கள் பார்வைக்கு இல்லை. தினசரி விலை மாற்றம் என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விலையை நிறுத்தி வைப்பது சரியல்ல. நிறுத்துவதாக இருந்தால் என்ன அளவுகோல் என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

எத்தனால் கலந்தும் விலை ஏன் குறையவில்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம், எத்தனால் மலிவான பொருள் அல்ல. 2024-25 பருவத்துக்குக் கடைநிலை மொலாசஸிலிருந்து (சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சும் பாகு) வரும் எத்தனாலுக்கு லிட்டருக்கு 57 ரூபாய் 97 காசு, மக்காச்சோள எத்தனாலுக்கு 71 ரூபாய் 86 காசு என்று கொள்முதல் விலை. டீலருக்குப் போகும் பெட்ரோலே 53 ரூபாய் இருக்கும்போது இதைக் கலந்தால் விலை எப்படி இறங்கும்? அதோடு ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இறக்குமதி குறைகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குச் சந்தை கிடைக்கிறது என்பவை உண்மையான பலன்கள். வண்டிக்காரரின் பையில் அந்தப் பலன் தெரியாது.

இனி மாநிலத்துக்குள். தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வரி ஒன்றுதான். இருந்தும் சென்னைக்கும் நீலகிரிக்கும் இரண்டு ரூபாய் அளவுக்கு வித்தியாசம் வருகிறது. இது முழுக்க வண்டிக்கூலி. மணலி ஆலையிலிருந்து திருச்சி, மதுரை வரையும், கிளையாகச் சங்ககிரிக்கும் 683 கிலோமீட்டர் குழாய் போகிறது. கொச்சி அம்பலமுகள் ஆலையிலிருந்து கோவை அருகே உள்ள இருகூர் வழியாகக் கரூருக்கு இன்னொரு குழாய். குழாயில் போகிற எண்ணெய்க்குச் செலவு மிகக் குறைவு. குழாய் முடியும் டெர்மினலிலிருந்து, அதாவது எண்ணெய்க் கிடங்கிலிருந்து, பங்க் வரை டேங்கர் லாரி போக வேண்டும், அதற்குக் கிலோலிட்டருக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி, மலைச்சாலைக்குத் தனி விகிதம். இருகூரிலிருந்து கோவை நகரப் பங்க்குக்கு அரை மணி நேரம். உதகைக்கு மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற வேண்டும். ஒரே ஊரில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்க்குகளில் பத்து இருபது காசு மாறுவதும் இதனால்தான்: இரண்டு நிறுவனங்களும் எண்ணெய் எடுக்கும் டெர்மினல் வேறாக இருக்கலாம்.

கோவையைப் பற்றி ஒரு செய்தி, இந்த விஷயம் முழுவதையும் ஒரே இடத்தில் காட்டுவது. கோவையில் விற்கும் பெட்ரோலில் கணிசமானது கொச்சி ஆலையில் தயாராகிக் குழாய் வழியே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து இருகூருக்கு வருகிறது. அந்த ஆலை இருக்கும் கொச்சியிலோ பெட்ரோல் விலை கோவையைவிட 4 ரூபாய் அளவுக்கு அதிகம். கேரளம் 30.08 சதவீத விற்பனை வரியோடு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீத செஸ், 2023 ஏப்ரலிலிருந்து 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று அடுக்கியிருக்கிறது. தயாராகும் ஊரில் விலை அதிகம், மலை தாண்டிப் போன ஊரில் குறைவு. கேரளத்துக்குள்ளேயே இருக்கும் மாஹியில் இன்னும் குறைவு, பத்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம், ஏனென்றால் மாஹி புதுச்சேரியின் பகுதி. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் நான்குக்கும் வரி விகிதம் சற்றே வேறு. 2025 ஜனவரியில் நான்கிலும் ஏற்றினார்கள், அப்படியும் சுற்றியுள்ள மாநிலங்களைவிடக் குறைவாகவே இருக்கிறது.

தொலைதூர ஊர்களின் வண்டிக்கூலிச் சுமையைக் குறைக்க 2024 அக்டோபர் இறுதியில் நிறுவனங்கள் மாநிலத்துக்குள்ளான கூலியைச் சீரமைத்தன. ஒடிசாவின் மால்கான்கிரி மாவட்டத்தில் சில இடங்களில் பெட்ரோல் நாலரை ரூபாய்க்கு மேல் குறைந்தது. தூரம் விலையில் எவ்வளவு ஏறி உட்கார்ந்திருந்தது என்பதற்கு அதுவே அளவு. டீலர் கமிஷனும் 2017-க்குப் பிறகு அப்போதுதான் உயர்ந்தது, பெட்ரோலுக்கு 65 காசு.

டீலரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கோபம் முதலில் அவர்மேல்தான் போகிறது. விலையில் அவருக்குக் கை இல்லை. முன்பணம் கட்டித்தான் லாரி எடுக்கிறார், கலால் வரியும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது. 2022 மே 21 மாலை 8 ரூபாய் கலால் குறைப்பு அறிவிக்கப்பட்டபோது, 20,000 லிட்டர் தொட்டியில் வைத்திருந்த பங்க்குக்கு ஒரே இரவில் கலால் வரியில் மட்டும் 1,60,000 ரூபாய் போனது. ஏறும் நாளில் கிடைப்பதும் உண்டு, ஆனால் ஏற்றம் காசுகளில் வரும், இறக்கம் ரூபாய்களில் வரும் என்பதால் அந்தக் கணக்கு அவருக்குச் சமமாவதில்லை.

கடைசியாக, எல்லையில் எங்கே நிரப்புவது. சென்னையிலிருந்து திருப்பதி பக்கம் போனால் கும்மிடிப்பூண்டியிலோ திருத்தணியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். ஆந்திரத்தில் 31 சதவீதத்தோடு லிட்டருக்கு 4 ரூபாய் வாட், ஒரு ரூபாய் சாலை செஸ், எனவே அங்கே விலை அதிகம். கோவையிலிருந்து பாலக்காடு போனால் வாளையாருக்கு முன்பே. புதுச்சேரி போனால் அங்கே போய். பெங்களூர்ச் சாலையில் பெட்ரோலுக்கு ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, டீசல் கர்நாடகப் பக்கம் சற்றுக் குறைவு. கர்நாடகம் டீசல் வரியை 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் ஏற்றி 21.17 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகும் பெங்களூரில் டீசல் ஏறத்தாழ 91 ரூபாய், சென்னையில் 92 ரூபாய் 39 காசு. அந்த ஏற்றங்களுக்கு முன் வித்தியாசம் 6 ரூபாய்க்கு மேல் இருந்தது; 300 லிட்டர் நிரப்பும் லாரிக்கு அது ஒரு நடைக்கு 1,800 ரூபாய்.

இதற்காகவே சுற்றிப் போவதாக இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். காரில் 35 லிட்டர் நிரப்புகிறீர்கள், வித்தியாசம் லிட்டருக்கு 4 ரூபாய்: மிச்சம் 140. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 20 கிலோமீட்டர் சுற்றினாலே 130 ரூபாய்க்கு மேல் பெட்ரோல் எரிந்துவிடும். பைக்கில் 10 லிட்டருக்கு 40 ரூபாய் மிச்சம். போகிற வழியில் இருந்தால் மட்டுமே பயன்.

வண்டியின் டேங்கில் எவ்வளவு நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டினாலும் தடையில்லை. பிளாஸ்டிக் கேனில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு வருவது வேறு. பெட்ரோலியச் சட்டம் பொதுவாக உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதிப்பது விற்பனைக்கல்லாத 30 லிட்டர் வரை, அதுவும் இறுக மூடிய கலனில், உலோகக் கலன் 25 லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் அதில் இல்லை. வெயிலில் நிற்கும் காரின் டிக்கிக்குள் பெட்ரோல் ஆவி கசிந்து தேங்கினால் ஒரு சிறு பொறி போதும்.